30 தயாரிப்புகளுக்குப் புதிய டிசைன் சிஸ்டம்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி இதுதான். ஒரு நிறுவனத்தில் 30-க்கு மேல் வெப் தயாரிப்புகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு டிசைன் சிஸ்டம், அதாவது தோற்ற விதிகளும் தயார்நிலைத் திரைத் துண்டுகளும் சேர்ந்த தொகுப்பு. அதன் அடுத்த பதிப்பில் நிறம், எழுத்துரு, பட்டன், ஃபார்ம் என்று ஏறக்குறைய எல்லாமே மாறுகிறது. ஒரே நாளில் எல்லாத் தயாரிப்புகளிலும் புதிய முகம் தெரிய வேண்டும் என்கிறது மேலிடம். தயாரிப்பு டீம்களோ இந்தக் காலாண்டில் மூச்சு விடவே நேரமில்லை என்கின்றன. நடுவில் மாட்டிக்கொண்ட டிசைன் சிஸ்டம் டீமில் 5 பேர். எங்கிருந்து தொடங்குவது? டிசைனர்கள் திரைகளை வரையும் ஃபிக்மா மென்பொருளில் உள்ள லைப்ரரியை முதலில் மாற்றிவிடலாமா?

இந்த வேலையை இரண்டு முறை செய்திருக்கிறேன். முதல் முறை நன்றாகவே சொதப்பினோம். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

ஒரே நாளில் மாற்ற முடியுமா என்றால், முடியும். எதை மாற்றப் போகிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. புதிய பதிப்பு என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதற்குள் இரண்டு வேறு சரக்குகள் இருக்கின்றன. ஒன்று கண்ணுக்குத் தெரிவது: நிறம், எழுத்துரு, மூலைகளின் வளைவு, லோகோ. இன்னொன்று நிரலுக்குள் இருப்பது: காம்பொனென்ட்டின் (பட்டன், டேபிள் போன்ற தயார்த் துண்டு) உள்ளமைப்பு, அது வாங்கும் அளவுருக்களின் பெயர், எந்த பிரவுசர் வரை வேலை செய்யும் என்பது. முதல் சரக்கைத் தேதி குறித்து மாற்றலாம். இரண்டாவது டீம் டீமாக, மாதக்கணக்கில்தான் நகரும். இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் மூட்டை மெதுவான சரக்கின் வேகத்தில்தான் போகும். நாங்கள் முதல் முறை கட்டியது அந்த மூட்டையைத்தான்.

பிரித்துக் கட்டியதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் பிரிட்டிஷ் அரசாங்கம். கம்பெனி இல்லைதான், ஆனாலும் நிலைமை உங்களுடையதைப் போன்றதே. அங்கே அரசின் இணையச் சேவைகளுக்கு கவ்.யூகே டிசைன் சிஸ்டம் என்று ஒன்று 2018 முதல் இருக்கிறது. மையத்தில் ஒரு சிறிய குழு அதைப் பராமரிக்கிறது. ஆனால் வரி, ஓட்டுநர் உரிமம், ஓய்வூதியம் என்று ஒவ்வொரு சேவையும் அந்தந்தத் துறையின் கையில். ஒரு துறை ஜாவாவில் எழுதியிருக்கும், இன்னொன்று டாட்நெட்டில், வேறொன்று ரூபியில். மையக் குழு பட்டனைத் தட்டி எல்லாத் தளங்களையும் மாற்றிவிட முடியாது. கேட்டுக்கொள்ளத்தான் முடியும்.

2022 செப்டம்பரில் எலிசபெத் அரசி காலமானார். அவர் காலத்தில் அரசுத் தளங்களின் தலைப்புப் பட்டையில் இருந்தது செயின்ட் எட்வர்ட் கிரீடம். மூன்றாம் சார்லஸ் தனக்குத் தேர்ந்துகொண்டது டியூடர் கிரீடம். எனவே லோகோவில் இருக்கும் குட்டிக் கிரீடம் எல்லா இடத்திலும் மாற வேண்டும். இந்த மாற்றம் நடந்தது 2024 தொடக்கத்தில். அதற்குச் சற்று முன்பு, 2023 டிசம்பரில்தான், அந்த டிசைன் சிஸ்டத்தின் நிரல் தொகுப்பு 5-ஆம் பதிப்புக்கு மாறியிருந்தது. அந்தப் பதிப்பில் பழைய இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கான ஆதரவைக் கழற்றிவிட்டார்கள், ஜாவாஸ்கிரிப்டை ஏற்றும் முறையையும் மாற்றினார்கள். சேவைகளுக்கு அது சில்லறை வேலை இல்லை. பலரும் இன்னும் 4-இல்தான் இருந்தார்கள்.

கிரீடம் வேண்டுமென்றால் முதலில் 5-க்கு வா என்று சொல்லியிருக்கலாம். நம் ஊர் மேலாளர் யாராக இருந்தாலும் அந்த ஆசை வந்திருக்கும்: இதைச் சாக்காக வைத்து எல்லோரையும் மேலே இழுத்துவிடலாமே என்று. அவர்கள் அப்படிச் செய்யவில்லை. புதிய கிரீடத்தை 5-ஆம் வரிசையிலும் கொடுத்தார்கள், பழைய 4-ஆம் வரிசைக்கும் தனியாக ஒரு வெளியீடு போட்டுக் கொடுத்தார்கள். அந்த நிரல் பேக்கேஜை ஏற்றியதும் கிரீடம் தானாக மாறிவிடாது. ஒரு கொடியை (நிரலுக்குள் இருக்கும் ஆன்-ஆஃப் சுவிட்ச் போன்றது) நாமே இயக்கினால்தான் மாறும். அதனால் டீம்கள் முன்கூட்டியே ஏற்றி, சோதித்து, வைத்துக்கொள்ள முடிந்தது. நாள் வந்ததும் கொடியை ஏற்றினால் போதும். அந்த நாளும் ஒரு நாள் இல்லை: 2024 பிப்ரவரி 19 முதல் மார்ச் 1 வரை ஒரு ஜன்னலைத் திறந்து வைத்தார்கள். 2025 ஜூனில் தலைப்புப் பட்டையையே நீலமாக்கி லோகோவைப் புதுப்பித்தபோதும் இதே வழிதான். 4, 5 இரண்டு வரிசைகளுக்கும் வெளியீடு, உள்ளே ஒரு கொடி, வெளியே ஒரு தேதி.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. அந்தக் கிரீடம் தனிப் படக் கோப்பாக இல்லாமல், தலைப்புப் பட்டையின் எச்டிஎம்எல்லுக்குள்ளேயே எஸ்விஜி வரைபடமாக எழுதப்பட்டிருந்தது. டிசைன் சிஸ்டம் தரும் டெம்பிளேட்டை நேரடியாக அழைத்தவர்களுக்குக் கொடி போதும். எச்டிஎம்எல்லை நகலெடுத்துத் தங்கள் நிரலில் ஒட்டிக்கொண்டவர்கள் கையால் மாற்ற வேண்டியிருந்தது. பிரவுசர் டேபில் தெரியும் ஃபேவிகான், லிங்கைப் பகிரும்போது வரும் படம் என்று மறந்துபோகக்கூடிய மூலைகளிலும் கிரீடம் இருந்தது. எனவே வழிகாட்டியை ஒரே மாதிரி எழுதாமல், நீங்கள் டெம்பிளேட் பயன்படுத்துகிறீர்களா, நகலெடுத்தவரா என்று பிரித்து எழுதினார்கள். உங்கள் 30 தயாரிப்புகளிலும் இந்த இரண்டு சாதியும் கட்டாயம் இருக்கும்.

அதனால் உங்கள் 5 பேரும் முதல் இரண்டு வாரம் ஒரு புதிய காம்பொனென்ட்டும் எழுத வேண்டாம். எண்ணுங்கள். ஒவ்வொரு தயாரிப்பின் நிரல் இருக்கும் ரிப்போசிட்டரியிலும் எந்தப் பதிப்பு நிறுவப்பட்டிருக்கிறது, எத்தனை இடத்தில் எண்ணும் எழுத்தும் கலந்த ஹெக்ஸ் கோடாக நிறம் நேரடியாக எழுதப்பட்டிருக்கிறது, நம் காம்பொனென்ட்டின் உள் வகுப்புகளைப் பிடித்து எத்தனை சிஎஸ்எஸ் (தோற்றத்தைத் தீர்மானிக்கும் நிரல்) விதிகள் மேலெழுதுகின்றன என்று. இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம், ஒரு தேடல் ஸ்கிரிப்ட் போதும். நாங்கள் இரண்டாம் முறை இதைச் செய்தபோது டேஷ்போர்டில் எல்லாம் பச்சையாக இருந்த ஒரு தயாரிப்பு எங்களை வியக்க வைத்தது. பேக்கேஜ் பட்டியலில் எங்கள் டிசைன் சிஸ்டத்தின் பெயர் இருந்தது, பதிப்பும் சரியாக இருந்தது. ஆனால் அதை யாருமே அழைக்கவில்லை. மூன்று வருடம் முன்பு எங்கள் ஃபோல்டரை அப்படியே நகலெடுத்து, பெயரை மாற்றி, சொந்தப் பிள்ளையாக வளர்த்துக்கொண்டிருந்தார்கள். கோபப்பட ஒன்றுமில்லை. அவர்கள் கேட்ட ஒரு தேதித் தேர்வியை நாங்கள் ஒன்பது மாதம் இழுத்தடித்ததன் விளைவு அது.

எண்ணி முடித்தபிறகுதான் டோக்கன் பற்றிப் பேசுவதில் அர்த்தம் இருக்கிறது. நிறம், இடைவெளி, எழுத்தளவு எல்லாவற்றுக்கும் பெயர் வைத்து (அந்தப் பெயர்தான் டோக்கன்), தயாரிப்புகள் அந்தப் பெயரையே பயன்படுத்தினால், மதிப்பை ஓரிடத்தில் மாற்றினால் போதும், தோற்றம் எங்கும் மாறிவிடும். கேட்க இனிமையாக இருக்கும். பெயர் எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்பதில்தான் சிக்கல். ஐபிஎம்மின் கார்பன் டிசைன் சிஸ்டத்தில் 10-ஆம் பதிப்பு வரை 'யூஐ-01', 'டெக்ஸ்ட்-01' என்று எண் போட்ட பெயர்கள் இருந்தன. 2022-இல் வந்த 11-ஆம் பதிப்பில் அவை 'லேயர்-01', 'டெக்ஸ்ட்-பிரைமரி' என்று வேலையைச் சொல்லும் பெயர்களாக மாறின. காரணம் எளிது. எண்ணைப் பார்த்து யாரும் பொருளை ஊகிக்க முடியாது. 'யூஐ-01' வெளிர்சாம்பலாக இருக்கிறதே என்று ஒருவர் அதைக் கோட்டுக்கும் போட்டிருப்பார், இன்னொருவர் எழுத்துக்கும் போட்டிருப்பார். டார்க் தீம் வந்ததும் பின்புலத்துக்கான மதிப்பு கறுப்பாகும், கூடவே அந்த எழுத்தும் கறுப்பாகிக் காணாமல் போகும்.

உங்கள் புதிய பதிப்பில் டோக்கன் பெயர்களும் மாறுகின்றன என்றால், பழைய பெயர்களை உடனே அழிக்காதீர்கள். பழைய பெயர் புதிய பெயரைச் சுட்டும்படி ஓர் இடைக்கால அடுக்கு போடுங்கள். அப்போது பழைய நிரலில் இருக்கும் தயாரிப்பும் புதிய நிறத்தைக் காட்டும். மேலிடம் கேட்ட 'ஒரே நாள்' இதுதான். பெயர்மாற்றத்தை டீம்கள் பிறகு ஆற அமரச் செய்யலாம். கார்பன் டீம் அதற்காக நிரலைத் தானே திருத்தும் கருவியையும் சேர்த்தே கொடுத்தது. கோட்மாட் என்பார்கள் அதை. நல்ல பழக்கம். ஆனால் கோட்மாட் எழுதிக் கொடுத்துவிட்டோம், இனி அவர்கள் பாடு என்று உட்காராதீர்கள். நான் பார்த்தவரையில் கருவியை ஓட்டுவது ஐந்து நிமிடம். அது விட்டுவிட்ட பத்து இடங்களைத் தேடிச் சரிசெய்யத்தான் இரண்டு நாள். அந்த இரண்டு நாளை யார் கொடுப்பது என்பதுதான் உண்மையான சண்டை. கருவியை நீங்களே ஓட்டி, 'இந்த மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று கேட்கும் புல் ரிக்வெஸ்ட்டை நீங்களே போட்டு, ஸ்கிரீன்ஷாட்டுடன் அவர்கள் வாசலில் கொண்டுபோய் வைத்தால், நேரமில்லை என்ற டீம்களில் பாதி சரி சொல்லிவிடும். 'எழுதிக் கொடு' என்பதற்கும் 'பார்த்துச் சொல்' என்பதற்கும் அவ்வளவு தூரம்.

இப்போது மோசமான பகுதி: மேலெழுதல்கள், அதாவது நம் காம்பொனென்ட்டின் தோற்றத்தைத் தயாரிப்பு டீம்கள் தங்கள் சிஎஸ்எஸ்ஸால் மாற்றிக்கொள்வது. கூகுளின் காம்பொனென்ட் தொகுப்பான ஆங்குலர் மெட்டீரியலைப் பயன்படுத்தியவர்களுக்கு 2022 நவம்பர் ஞாபகம் இருக்கும். 15-ஆம் பதிப்பில் பல காம்பொனென்ட்களின் உள்ளமைப்பை முழுக்க மாற்றி எழுதினார்கள். பட்டன் பட்டனாகவே இருந்தது, பெயரும் பெரும்பாலும் அதேதான். ஆனால் உள்ளே எச்டிஎம்எல் வேறு, வகுப்புப் பெயர்கள் வேறு. ஃபார்ம் பெட்டியில் நான்கு தோற்றங்களில் இரண்டை எடுத்தேவிட்டார்கள். ஆவணத்தில் சொன்ன வழியில் மட்டும் பயன்படுத்தியவர்களுக்குச் சின்ன வலி. உள் வகுப்பைப் பிடித்து, மற்ற விதிகளை மீறவைக்கும் 'இம்பார்ட்டன்ட்' போட்டு நான்கு பிக்ஸல் நகர்த்தியவர்களுக்குப் பெரிய வலி. நம்மில் யார் அப்படி நகர்த்தவில்லை?

அவர்கள் செய்த ஒரு காரியம் மட்டும் பாராட்டத்தக்கது. பழைய காம்பொனென்ட்களை 'லெகசி' என்ற முன்னொட்டுடன் கூடவே வைத்திருந்தார்கள். 2023 நவம்பரில் 17-ஆம் பதிப்பில்தான் நீக்கினார்கள். ஒரு வருடம், இரண்டு பெரிய பதிப்புகள். அந்த ஒரு வருடத்தில் ஒரே தயாரிப்புக்குள் புதிய பட்டனும் பழைய டேபிளும் சேர்ந்து வாழலாம். பிரிட்டனிலும் முன்பு இதையே செய்தார்கள்: புதிய தொகுப்பின் வகுப்புகளுக்கெல்லாம் தனி முன்னொட்டு வைத்ததால் பழைய பாணியும் புதிய பாணியும் ஒரே பக்கத்தில் மோதிக்கொள்ளாமல் இருந்தன. உங்கள் புதிய பதிப்பு பழையதுடன் ஒரே பக்கத்தில் குடியிருக்க முடியுமா என்று இன்றே சோதியுங்கள். முடியாது என்றால் வேறு எதையும் செய்யாமல் அதைச் சரிசெய்யுங்கள். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு டீமும் முழுத் தயாரிப்பையும் ஒரே மூச்சில் மாற்ற வேண்டிவரும். ஒரே மூச்சில் யாரும் மாற்ற மாட்டார்கள்.

மேலெழுதல்களை எண்ணும்போது அவற்றைக் குற்றப்பட்டியலாகப் பார்க்காமல் கோரிக்கைப் பட்டியலாகப் பாருங்கள். ஏழு தயாரிப்புகள் டேபிளின் வரிசை உயரத்தைக் குறைத்திருந்தால், டேபிளுக்கு நெருக்கமான ஓர் அளவு தேவைப்படுகிறது என்று பொருள். அதைப் புதிய பதிப்பில் முறையாகக் கொடுத்துவிட்டால் ஏழு சண்டைகள் தீர்ந்தன. எங்கள் இரண்டாம் முறையில் இது ஒன்றே பாதி எதிர்ப்பைக் கரைத்தது. மாறுவதால் அவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்ற கேள்விக்கு, 'நிறுவனத்தின் ஒருமித்த தோற்றம்' என்பது பதில் ஆகாது. 'நீங்கள் எழுதிய 300 வரி சிஎஸ்எஸ்ஸை அழித்துவிடலாம்' என்பது பதில்.

எந்தத் தயாரிப்பில் தொடங்குவது? எளிமையானதில் தொடங்கினால் ஒன்றும் கற்றுக்கொள்ள மாட்டீர்கள். மிகப்பெரியதில் தொடங்கினால் மூழ்கிப்போவீர்கள். நடுத்தர அளவில், ஃபார்ம்கள் அதிகம் உள்ள, டீம் லீட் கொஞ்சம் வம்புக்காரராக இருக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வம்புக்காரர் திருப்தியடைந்தால் அவரே மற்றவர்களிடம் போய்ச் சொல்வார், நீங்கள் போடும் பத்து மீட்டிங்குகளைவிட அது வேலை செய்யும். உங்கள் 5 பேரில் இருவர் அந்த டீமோடு மூன்று நான்கு வாரம் உட்கார வேண்டும். ஆவணம் எழுதுவது அதற்குப் பிறகு. முன்னாலேயே எழுதினால் நாம் கற்பனை செய்த சிக்கல்களுக்குத்தான் வழி சொல்லிக்கொண்டிருப்போம்.

அதற்கடுத்த வரிசையைத் தீர்மானிக்கும்போது ஒரு தவறைத் தவிருங்கள். நாங்கள் யார் தயாராக இருக்கிறார்களோ அந்த டீம் முதலில் என்று போனோம். பயனர் பில்லிங் பக்கத்திலிருந்து ஒரு கிளிக்கில் ரிப்போர்ட்ஸுக்குப் போவார். அங்கிருந்து மீண்டும் பில்லிங். ஒன்று புதியது, ஒன்று பழையது. ஏதோ மோசடித் தளத்துக்கு வந்துவிட்டோமோ என்று சப்போர்ட்டுக்கு ஃபோன் வந்தது. டீம்களின் வசதியைப் பார்க்காமல் பயனர் நடக்கும் பாதையைப் பார்த்து வரிசை போடுங்கள். ஒரே பாதையில் உள்ள மூன்று நான்கு தயாரிப்புகள் சேர்ந்து மாறட்டும். யாரும் எட்டிப்பார்க்காத உள் நிர்வாகப் பக்கம் அடுத்த வருடம்கூட மாறலாம், ஒன்றும் குடிமுழுகாது.

சோதனையைப் பற்றி இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டுகளை முன்னும் பின்னும் ஒப்பிடும் கருவியை எல்லோரும் பரிந்துரைப்பார்கள். ஆனால் தோற்றமே மாறும் வெளியீட்டில் அது எல்லாப் பக்கத்தையும் சிவப்பாகக் காட்டும், பார்த்துப் பயனில்லை. தோற்றத்தையும் நிரலையும் பிரிக்கச் சொன்னதன் இன்னொரு லாபம் இங்கே கிடைக்கிறது: கொடி இறங்கிய நிலையில் புதிய நிரலை ஏற்றினால் படத்தில் எந்த வேறுபாடும் வரக்கூடாது. ஒரு பிக்ஸல் மாறினாலும் அது பிழைதான்.

அடுத்தது அணுகல்தன்மை, அதாவது மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த முடிவது. 2018-இல் அதற்கான சர்வதேச வழிகாட்டியான டபிள்யூசிஏஜி 2.1 வந்தபோது, எழுத்து மட்டுமின்றி பட்டன் விளிம்பு, ஃபோகஸ் அடையாளம் (கீபோர்டில் நகரும்போது எங்கே இருக்கிறோம் என்று காட்டுவது) போன்றவற்றுக்கும் 3-க்கு 1 என்ற நிறவேறுபாடு வேண்டும் என்று ஆனது. பிரிட்டன் டீம் 2019-இல் தன் 3-ஆம் பதிப்பில் ஃபோகஸை மஞ்சளோடு தடித்த கறுப்புக் கோடாக மாற்றியது அதற்காகத்தான். வெள்ளைப் பின்புலத்தில் மஞ்சள் மட்டும் தெரியாது. அதைப் பல துறைகள் எடுத்துக்கொள்ளக் காரணம் அழகு இல்லை; 2020 செப்டம்பர் 23-க்குள் அரசுத் தளங்கள் அணுகல் விதிகளுக்கு இணங்க வேண்டும் என்று சட்டமே இருந்தது. உங்கள் மாற்றத்திலும் இப்படி ஒரு கட்டாயக் காரணம் இருந்தால் அதை முன்னால் வையுங்கள். வாடிக்கையாளர் ஒப்பந்தங்களில் அணுகல்தன்மை இருக்கிறதா என்று விற்பனைப் பிரிவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

நம் மொழி சார்ந்த ஒன்று. தயாரிப்புக்குத் தமிழ் முகப்பு இருந்தால், புதிய எழுத்துருவில் தமிழ் எழுத்துகள் இருக்கின்றனவா என்று முதல் நாளே பாருங்கள். இல்லையென்றால் பிரவுசர் கணினியில் இருக்கும் வேறொன்றை எடுத்துப் போட்டுக்கொள்ளும், வரி உயரம் தாறுமாறாகும். ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பட்டனில் 'கு', 'மூ' போன்றவற்றின் கீழ்ப்பகுதி வெட்டுப்படும். 'சேவ்' இருந்த இடத்தில் 'சேமி' அழகாக உட்காரும். 'சப்மிட்' இருந்த இடத்தில் 'சமர்ப்பிக்கவும்' உட்காராது. எங்கள் டிசைனர்கள் எல்லாக் காம்பொனென்ட்டையும் ஆங்கில வார்த்தை போட்டே ஒப்புதல் வாங்கியிருந்தார்கள். தமிழ்ப் பக்கத்தைத் திறந்து பார்த்த முதல் ஆள் ஒரு வாடிக்கையாளர்.

மேலிடத்திடம் எதைக் கேட்டு வாங்குவது? பழைய பதிப்பின் ஆதரவு எந்தத் தேதியில் நிற்கும் என்று எழுத்தில் ஓர் அறிவிப்பு, அதில் டீம்களின் மேலாளர்களுக்கு மேல் உள்ள ஒருவரின் பெயர். உங்கள் பெயரில் போனால் அது வேண்டுகோள்தான். ஆதரவு நிற்கும் என்றால் என்ன நிற்கும் என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள்: புதிய வசதி வராது, ஆனால் பாதுகாப்புத் திருத்தம் இன்னும் 12 மாதம் வரும் என்பதுபோல. மொத்தமாகக் கைவிடுகிறோம் என்று மிரட்டினால் ஃபோல்டரை நகலெடுப்பவர்கள்தான் அதிகமாவார்கள்.

எத்தனை சதவீதம் முடிந்தது என்ற ஸ்லைடும் கேட்பார்கள். பதிப்பு எண்ணை வைத்துக் கணக்குக் காட்டாதீர்கள், நான் சொன்ன அந்தப் பச்சைத் தயாரிப்பு ஞாபகம் இருக்கட்டும். திரையில் உண்மையில் தெரியும் பட்டன்களில் எத்தனை புதியவை என்று பிரவுசரிலேயே எண்ணலாம். எண் குறைவாகத்தான் வரும். பரவாயில்லை, காட்டுங்கள்.

கடைசியாக ஃபிக்மா. வேண்டாம், அதை முதலில் மாற்றாதீர்கள். லைப்ரரி புதிதாகி நிரல் வராத இடைவெளியில் டிசைனர் வரைந்து தருவது ஒன்று, டெவலப்பரால் கட்ட முடிவது ஒன்று என்றாகிவிடும். நொந்துபோன டிசைனர் காம்பொனென்ட்டை லைப்ரரியிலிருந்து டிடாச் செய்து (பிரித்து) கையால் வரையத் தொடங்குவார். டிடாச் ஆனது திரும்ப லைப்ரரியோடு சேராது. புதிய லைப்ரரியைத் தனிப் பெயரில் வைத்து, முதலில் மாறும் அந்த ஒரு டீமின் டிசைனருக்கு மட்டும் திறந்துவிடுங்கள். பட்டனுக்கான நிரல் வெளியான அன்று பட்டனை எல்லோருக்கும் வெளியிடுங்கள். டேபிள் தயாராகும்போது டேபிள்.